கனமான டிரெய்லருக்கு எந்த ஹிட்ச் பொருத்துவது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: முழுச் சுமையுடன் ஏறத்தாழ 3,500 கிலோ வரக்கூடிய, இரண்டு அச்சுகள் கொண்ட மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் பிக்கப் டிரக் 4,500 கிலோ வரை இழுக்கும் என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கிறது, வண்டியின் பின்னால், ஹிட்ச்சை (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் அமைப்பை) செருகும் சதுரக் குழாயான 2 அங்குல ரிசீவரும் இருக்கிறது. அப்படியிருக்க, டிரெய்லரின் முனை வந்து பூட்டிக்கொள்ளும் நல்ல பந்து ஒன்றை வாங்கி மாட்டினால் போதுமா, அல்லது சுமையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச்சோ, டிரக்கின் பின்தட்டில் இணையும் கூஸ்நெக்கோ தேவையா என்கிறீர்கள். எது அதிக வலிமையுள்ளது என்ற கேள்வியாகவே இது பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் வலிமை மட்டும் விஷயமாக இருந்தால் கடையில் கிடைக்கும் மிகப் பெரிய ஹிட்ச்சை வாங்கிவிட்டால் முடிந்துவிடும். நீங்கள் உண்மையில் அறிய வேண்டியது, டிரெய்லரின் எடையில் எவ்வளவு பங்கு உங்கள் வண்டியின் மீது இறங்குகிறது, அது வண்டியின் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதுதான். ஹிட்ச்சின் வகையை முடிவு செய்வது அந்த இரண்டுமே.

இயந்திரப் பொறியியல் படித்து, இழுவை வண்டிகளுக்கு ஹிட்ச் பொருத்தும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விசைகள் எப்படிச் செயல்படும் என்பதையும், எந்தப் பொருத்தம் ஏன் பாதுகாப்பானது என்பதையும் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வண்டியின் மாடலை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால், அதற்கு உற்பத்தியாளர் வகுத்த வரம்புகளை உரிமையாளர் கையேட்டிலிருந்தும் கதவோரம் ஒட்டியுள்ள தகவல் வில்லையிலிருந்தும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே நான் கணக்குக்காக வைத்திருக்கும் வண்டி எண்கள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே.

டிரெய்லரின் முன்கம்பி ஹிட்ச்சின் மீது செங்குத்தாக அழுத்தும் எடையைத் தொழிலில் டங் வெயிட் என்போம். பந்தில் இணைக்கும் வழக்கமான டிரெய்லர்களுக்கு, வட அமெரிக்க நடைமுறையின்படி, இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். உங்கள் 3,500 கிலோவுக்கு அது 350 முதல் 525 கிலோ. பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் டிரெய்லரின் பின்பகுதி கனத்து, வேகம் கூடும்போது பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பதினைந்தைத் தாண்டினால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். ஐரோப்பாவில் இந்த அளவு மிகவும் குறைவு. அங்கே மகிழுந்துகளில் டங் வெயிட்டின் உச்சவரம்பு பெரும்பாலும் 75 முதல் 100 கிலோவுக்குள் நிற்கும். ஆனால் அங்குள்ள டிரெய்லர்கள் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டவை, அவற்றுக்கு வேக வரம்பும் குறைவு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் மகிழுந்துக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான், தனி அனுமதி பெற்றால் 100. இரண்டு முறைகளும் தத்தம் சூழலில் சரியானவையே. ஒன்றின் டிரெய்லரை மற்றொன்றின் எண்களை நம்பி ஓட்டுவதுதான் தவறு, இணையத்தில் படிக்கும் அறிவுரைகளில் இந்தக் கலப்படம் அடிக்கடி தென்படுகிறது.

அந்த எடை வண்டியை என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து 1.2 மீட்டர் பின்னால், டங் வெயிட் 420 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சு இங்கே நெம்புகோலின் தாங்குபுள்ளி. பின்னால் 420 கிலோ அழுத்தும்போது முன் அச்சிலிருந்து 420 × 1.2 ÷ 3.6, அதாவது 140 கிலோ தூக்கப்பட்டுவிடும். பின் அச்சு தாங்க வேண்டியது 420 அல்ல, 560 கிலோ. இழந்த 140 கிலோ உங்கள் திசைமாற்றும் சக்கரங்களிலிருந்து போனது என்பதை மறக்கக் கூடாது. ஈரமான சாலையில் வளைவில் திரும்பும்போதும், அவசரமாக பிரேக் பிடிக்கும்போதும் முன்சக்கரங்களின் பிடிப்புதான் வண்டியைக் காப்பாற்றுவது. ஹிட்ச்சை இன்னும் பின்னால் தள்ளும் நீட்டிப்புக் குழாய்களை நான் எதிர்ப்பதும் இதனாலேயே: நெம்புகோலின் கை நீள நீள, அதே எடை கூடுதலான தீங்கைச் செய்யும், ரிசீவரின் அனுமதி அளவும் குறைந்துவிடும்.

அடுத்தது, விற்பனைத் தாளின் இழுதிறனை நம்பி ஏமாறும் இடம். வண்டி இழுக்கக்கூடிய எடை ஒன்று, சுமக்கக்கூடிய எடை வேறு. டங் வெயிட் முழுவதும் பேலோடில், அதாவது வண்டி தன் மீது சுமக்க அனுமதிக்கப்பட்ட எடையில், சேரும். உங்கள் வண்டியின் பேலோடு 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரும் பயணிகளும் 300 கிலோ, பின்தட்டில் கருவிகள் 50 கிலோ, ஹிட்ச் அமைப்பே 40 கிலோ என்று கழித்தால் மீதி 310 கிலோ. டங் வெயிட்டோ 420. இழுதிறனில் ஆயிரம் கிலோ மிச்சம் இருந்தும் இந்த வண்டி அந்த டிரெய்லருக்குப் போதாது. நான் பார்த்தவரையில், கனமான டிரெய்லர்களைப் பொறுத்தவரை முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் பேலோடுதான். அதன் பிறகு பின் அச்சின் வரம்பு. எஞ்சினின் இழுதிறன் கடைசியில்தான் வருகிறது. இவற்றோடு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பு ஒன்றும் கையேட்டில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இனி ரிசீவர். உங்கள் வண்டியில் 2 அங்குலச் சதுரக் குழாய் இருக்கிறது என்பதால் மட்டும் அது இவ்வளவு தாங்கும் என்று முடிவு கட்ட இயலாது. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே684 தரநிலை முதல் வகுப்புக்கு 2,000 பவுண்டு, இரண்டாம் வகுப்புக்கு 3,500, மூன்றாம் வகுப்புக்கு 5,000, நான்காம் வகுப்புக்கு 10,000 பவுண்டு என்று டிரெய்லர் எடையை வகுக்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்புகள் இரண்டுமே வெளியிலிருந்து பார்க்க ஒரே 2 அங்குலக் குழாயாக இருக்கலாம். ஆகவே ரிசீவரில் ஒட்டியுள்ள வில்லையைப் படியுங்கள். பலவற்றில் இரண்டு வரிகள் இருக்கும்: சாதாரணமாகச் சுமக்கும்போது 5,000 பவுண்டு டிரெய்லருக்கு 500 பவுண்டு டங் வெயிட், சுமை பகிரும் ஹிட்ச்சுடன் 10,000 பவுண்டுக்கு 1,000 பவுண்டு என்பது போல. உங்கள் 3,500 கிலோ என்பது ஏறத்தாழ 7,700 பவுண்டு. அப்படிப்பட்ட வில்லை உங்கள் ரிசீவரில் இருந்தால், வெறும் பந்தை மட்டும் மாட்டி இழுப்பது என்ற வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. இரண்டாம் வரியிலும் கவனம் தேவை: 420 கிலோ என்பது 926 பவுண்டு, வரம்புக்குள் வருகிறது, ஆனால் சுமையை முன்னால் குவித்து டங் வெயிட் 525 கிலோவானால் அது 1,157 பவுண்டு, வரம்பைத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய முறையில் வில்லையில் கிடைமட்ட இழுவிசைக்கான டி மதிப்பும் செங்குத்துச் சுமைக்கான எஸ் மதிப்பும் இருக்கும். வண்டியின் எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் தேவையான டி மதிப்பு கிடைக்கும். 3 டன் வண்டிக்கும் 3.5 டன் டிரெய்லருக்கும் அது ஏறத்தாழ 15.8 கிலோநியூட்டன். எந்த முறையானாலும் ரிசீவர், அதில் செருகிப் பந்தைத் தாங்கும் பால் மவுண்ட், பந்து, அதன் மீது பூட்டும் டிரெய்லரின் முனையான கப்ளர், சங்கிலி ஆகிய ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கும் எண்களில் மிகச் சிறியதுதான் மொத்த அமைப்பின் திறன்.

உங்கள் சூழலுக்கு நான் முதலில் பரிசீலிப்பது சுமை பகிரும் ஹிட்ச்சைத்தான். இதில் ஹிட்ச்சின் தலைப்பகுதியிலிருந்து இரண்டு வில்கம்பிகள் டிரெய்லரின் முன்சட்டத்தை நோக்கிப் பின்னால் செல்லும். அவற்றை வளைத்து இழுத்துச் சட்டத்தில் பூட்டும்போது ஹிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு திருப்புவிசை உண்டாகி, பின் அச்சில் குவிந்த சுமையின் ஒரு பகுதி வண்டியின் முன் அச்சுக்கும் இன்னொரு பகுதி டிரெய்லரின் சொந்த அச்சுகளுக்கும் நகர்கிறது. மேலே சொன்ன 140 கிலோவில் கணிசமான பங்கை முன்சக்கரங்களுக்குத் திருப்பித் தருவது இதுவே. இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. சமதளத்தில் டிரெய்லர் இல்லாமல் முன்சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; டிரெய்லரை இணைத்து, கம்பிகளைப் பூட்டாமல் மீண்டும் அளந்து பாருங்கள்; பிறகு பூட்டி அளந்து பாருங்கள். முன்பகுதி எவ்வளவு உயர்ந்ததோ அதில் குறைந்தது பாதியாவது இறங்க வேண்டும். முழுவதும் இறங்க வேண்டுமா, பாதி போதுமா என்பதில் வண்டி உற்பத்தியாளர்களே வேறுபடுகிறார்கள், ஆகவே இங்கே கையேடு சொல்வதுதான் இறுதி. ஒன்று மட்டும் உறுதி: முன்பகுதி ஆரம்ப உயரத்தைவிடக் கீழே இறங்கும் அளவுக்குக் கம்பிகளை முறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பின்சக்கரங்கள் இலேசாகி, பிரேக் பிடிக்கும்போது வண்டி டிரெய்லரோடு மடங்கிக்கொள்ளும் ஆபத்து வருகிறது. வில்கம்பிகளை உண்மையான டங் வெயிட்டுக்குப் பொருத்தமான அளவில் வாங்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய விறைப்புள்ள கம்பி மேடுபள்ளங்களில் இரு பக்கச் சட்டங்களையும் வருத்தும்.

பின்புறம் அமுங்குவதைப் பார்த்துவிட்டு, காற்று நிரப்பும் துணை ஸ்பிரிங் போட்டுச் சமப்படுத்திவிடலாம் என்று பலர் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. துணை ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தை உயர்த்தும். முன் அச்சு இழந்த எடையை அது திருப்பித் தராது, பின் அச்சின் வரம்பையும் கூட்டாது. பார்வைக்கு வண்டி நேராக நிற்பதால் குறை மறைந்துவிடுகிறது, அதனாலேயே ஆபத்து கூடுகிறது. மறுபுறம், சுமை பகிரும் ஹிட்ச்சும் எல்லா வண்டிகளுக்கும் ஏற்றதல்ல. தனிச் சட்டம் இல்லாமல் உடலும் சட்டமும் ஒன்றாக இருக்கும் சில வண்டிகளில் உற்பத்தியாளரே அதைத் தடுத்திருப்பார். டிரெய்லரில் இருப்பது, வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால், வில்கம்பிகள் அந்த நகர்வைத் தடுக்கக்கூடும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதை பிரேக் அமைப்பின் தயாரிப்பாளரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். மின்சார பிரேக் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்து பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், டிரெய்லர் இடப்புறம் தள்ளினால் வண்டியின் பின்புறம் இடப்புறமும் மூக்கு வலப்புறமும் போகும். அது டிரெய்லரை மறுபடி வேறு பக்கம் இழுக்கும். வேகம் குறைவாக இருந்தால் இந்த ஆட்டம் தானே அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எது என்பதை முடிவு செய்வதில் சுமை ஏற்றும் முறைக்குப் பெரும் பங்குண்டு. டங் வெயிட் 12 விழுக்காடு வந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம்: டிரெய்லரின் இரு முனைகளிலும் கனமான பொருள்களை வைத்தும் அதே 12 விழுக்காட்டைக் கொண்டுவர முடியும், ஆனால் முனைகளில் குவிந்த எடை ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவற்றைத் தரையோடு, அச்சுகளுக்குச் சற்றே முன்னால், நடுவில் நெருக்கமாக வையுங்கள்.

ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் எது சிறந்தது என்பது இன்னும் விவாதத்துக்குரியது. உராய்வால் தடுக்கும் தனிப்பட்டை, நான்கு முனைகளில் உராயும் வில்கம்பி அமைப்பு, மின்னணு முறையில் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடிக்கும் வண்டி மென்பொருள் என்று பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். இவற்றுள் எதுவும் தவறாக ஏற்றிய சுமையைச் சரியாக்காது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. ஓட்டும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், திசைமாற்றியை நேராகப் பிடியுங்கள், வண்டியின் பிரேக்கை அழுத்தாதீர்கள்; டிரெய்லரில் மின்சார பிரேக் என்றால், ஓட்டுநர் அருகே உள்ள பிரேக் கட்டுப்படுத்தியின் கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்குங்கள். டிரெய்லர் பின்னோக்கி இழுத்து வண்டியோடு நேர்கோட்டுக்கு வரும்.

கூஸ்நெக்கும், அதைப் போலவே பின்தட்டில் இணையும் ஃபிஃப்த் வீலும் இந்த ஆட்டத்தின் மூலகாரணத்தையே பெருமளவு நீக்குகின்றன, ஏனென்றால் இணைப்பு பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ அமைகிறது. பக்கவாட்டு விசைக்கு வண்டியைத் திருப்ப நெம்புகோல் கிடைப்பதில்லை, முன் அச்சும் தூக்கப்படுவதில்லை. நிலைத்தன்மையைப் பொறுத்தவரை பந்து இணைப்பு இவற்றுக்கு நிகராகாது. ஆனால் இவற்றில் வண்டியின் மீது இறங்கும் எடை டிரெய்லர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு. உங்கள் 3,500 கிலோவுக்கு 20 விழுக்காடு என்றால் 700 கிலோ. மேலே எடுத்துக்காட்டிய வண்டியின் முழு பேலோடும் அதிலேயே தீர்ந்துவிடும். மேலும் உங்கள் டிரெய்லர் பந்து இணைப்புக்காகச் செய்யப்பட்டது. அதன் முன்சட்டத்தை வெட்டி ஒட்டிக் கூஸ்நெக்காக மாற்றுவதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்காலத்தில் ஐந்தாறு டன் எடையை அடிக்கடி இழுக்கும் எண்ணம் இருந்தால், அதற்குரிய வண்டியோடும் அதற்காகவே கட்டிய டிரெய்லரோடும் சேர்த்து அதை யோசிக்கலாம். வளையத்தைக் கொக்கியில் மாட்டும் பின்டில் ஹூக் கட்டுமானத் தளங்களுக்கும் கரடுமுரடான நிலத்துக்கும் ஏற்றது. வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள தளர்வால் சாலையில் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே வரும், உங்களுக்கு அது தேவையில்லை.

பந்தின் விட்டம் கப்ளரில் பொறித்துள்ள அளவோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். இந்த எடைக்கான கப்ளர் பெரும்பாலும் 2 அங்குலமோ 2 5/16 அங்குலமோ கேட்கும். பெரிய கப்ளரைச் சிறிய பந்தின் மீது வைத்தால் அது பூட்டிக்கொண்டதுபோலவே தெரியும். முதல் பெரிய மேட்டில் கழன்று எழும்பிவிடும். இணைத்துப் பூட்டிய பின் டிரெய்லரின் முன்ஜாக்கியைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்; வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு உண்மையாகப் பிடித்திருக்கிறது. பந்தின் நட்டை, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசை அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பக் கூடாது. சாதாரணப் பந்துக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு நல்லது, ஆனால் ஐரோப்பிய வகை உராய்வுப் பட்டைகள் கொண்ட கப்ளரில் பந்து கிரீஸ் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பட்டைகள் இருந்தும் பயனில்லை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றால் டிரெய்லரின் முன்கம்பி சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும். டிரெய்லர் பிரிந்தால் பிரேக்கை இயக்கும் அறுபடு கம்பியைச் சங்கிலியிலோ பால் மவுண்டிலோ கட்டாமல் வண்டியோடு நிலையாக உள்ள பகுதியில் கட்டுங்கள். பால் மவுண்டே உருவிக்கொண்டு வந்தால் அதில் கட்டிய கம்பி எதையும் இயக்காது. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய விதிகள் 750 கிலோவைத் தாண்டும்போதே அதைக் கேட்கின்றன.

டங் வெயிட்டை ஊகிக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு எடைமேடைக்குப் போங்கள். ஆட்களும் பொருள்களும் ஏறிய வண்டியை மட்டும் நிறுத்தி அதன் இரு அச்சுகளையும் எடை போடுங்கள். பிறகு டிரெய்லரை இணைத்து, வில்கம்பி இல்லாமல், மீண்டும் வண்டியின் இரு அச்சுகளை மட்டும் எடை போடுங்கள். இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் டங் வெயிட். அது 350 முதல் 450 கிலோவுக்குள் இருந்து, பேலோடும் பின் அச்சும் ரிசீவர் வில்லையும் அதை அனுமதித்தால், உராய்வுக் கட்டுப்பாடு உள்ள சுமை பகிரும் ஹிட்ச்சே உங்களுக்குச் சரியானது. பேலோடு அனுமதிக்கவில்லை என்றால், எந்த ஹிட்ச்சும் அந்தக் குறையை நிரப்பாது. வண்டியில் ஏறும் ஆட்களையும் பொருள்களையும் குறையுங்கள் அல்லது டிரெய்லரின் சுமையைக் குறையுங்கள். பின்சுமையைக் கூட்டி டங் வெயிட்டை மட்டும் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குவது தீர்வாகாது. கதவோர வில்லையில் உள்ள பேலோடு, ரிசீவர் வில்லையின் இரண்டு வரிகள், எடைமேடைச் சீட்டின் எண்கள், டிரெய்லரில் இருக்கும் பிரேக்கின் வகை ஆகிய நான்கையும் எழுதி அனுப்பினால், எந்த அளவு வில்கம்பி வாங்குவது, டிரெய்லர் மட்டமாக நிற்க பால் மவுண்ட் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்கிறேன்.